வாசல் குரல்

என் அக்கா குரல் திருடுவாள். இதைக் குற்றமாகச் சொல்லவில்லை, தொழிலாகச் சொல்கிறேன். அவள் ஒலிப்புத்தகங்களுக்கு வாசிப்பவள். ஒரு நாவலில் பத்துப் பேர் பேசினால் பத்துப் பேரும் வேறு வேறு ஆட்களாகக் காதில் விழ வேண்டும். இருப்பதோ ஒரே தொண்டை. அதனால் தெரிந்தவர்களின் குரலை எடுத்துக் கதாபாத்திரங்களுக்கு ஆளுக்கொன்றாக மாட்டிவிடுவாள். எங்கள் பள்ளித் தலைமையாசிரியை ஒரு கதையில் சிறை அதிகாரி ஆனார். வீட்டுக்காரர், மொட்டைமாடிச் சாவியைத் திருப்பிக் கேட்கும் அதே தொனியில், ஒரு கொலைகாரர் ஆனார். சித்தியை ஒருமுறை மகாராணி ஆக்கினாள். சித்தி ஒரு வாரம் தரையில் நடக்கவில்லை. அடுத்த புத்தகத்தில் காக்கை ஆக்கினாள். சித்தி ஒரு மாதம் எங்கள் வீட்டுப் பக்கமே நடக்கவில்லை.

நான் தம்பி. அவள் வாசிப்பதைப் பதிவு செய்து, வெட்டி, ஒட்டி, மூச்சு வாங்குவதையும் எச்சில் சத்தத்தையும் துடைத்து, சுத்தமாக அனுப்பி வைக்கிறவன். ஸ்டுடியோ என்று வெளியில் பெருமையாகச் சொல்லிக்கொள்வது வீட்டின் உள்ளறையைத்தான். சுவர் முழுக்கப் பழைய மெத்தைகள். மின்விசிறி போடக் கூடாது. பக்கத்து வீட்டில் தண்ணீர் மோட்டார் ஓடினால் வாயைத் திறக்கக் கூடாது. வெளியே வரும்போது இரண்டு பேரும் குளித்துவிட்டு வந்தவர்கள் போல இருப்போம். உள்ளே புத்தகம் படிக்கிறீர்களா, மூட்டை தூக்குகிறீர்களா என்று அத்தான் கேட்பார்.

எங்கள் முதல் ரசிகர் அப்பா. சர்க்கரை அவருடைய கண்களில் கை வைத்த பிறகு பேப்பர் போயிற்று, டிவி போயிற்று, காது மட்டும் மிச்சம். முன்னறை ஜன்னலோரம் நாற்காலி, பக்கத்தில் கையடக்க ஸ்பீக்கர். ஒவ்வொரு புத்தகமும் முடிந்ததும் ஒலிப்புத்தக நிறுவனத்துக்கு அனுப்பும் முன்பே அவருக்குப் போட்டுக் காட்டுவோம். போடுவதற்கு முன் அவர் கேட்கும் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "இதுல நான் யாரு?"

அக்கா சொல்ல மாட்டாள். அவரே கண்டுபிடிக்க வேண்டும். இதுவரை நீதிபதியாக இருந்திருக்கிறார், கப்பல் தலைவனாக இருந்திருக்கிறார், ஒரு சிறுவர் கதையில் யாரையும் நம்பாத ஆமையாகவும் இருந்திருக்கிறார். தன் குரல் வந்த உடனே நாற்காலியின் கையை ஒரு தட்டுத் தட்டுவார். அந்தத் தட்டுக்காகத்தான் அக்கா அவ்வளவு மெனக்கெடுகிறாள் என்று நான் நினைப்பதுண்டு.

இதெல்லாம் அப்பாவின் வீட்டுக் குரல். அவசரமில்லாத, உலர்ந்த, ஒரு வார்த்தைகூட வீணாக்காத குரல். குழாயை யாராவது சரியாக மூடாமல் விட்டால், "தண்ணி நல்லாப் போகுதா?" என்று இருந்த இடத்திலிருந்தே கேட்பார். மூடாமல் விட்டவர் ஓடிப்போய் மூடுவார். குரலை உயர்த்தி அவர் யாரையும் திட்டியது கிடையாது. உயர்த்தியிருந்தால் பரவாயில்லை என்று எங்களுக்குத் தோன்றும்.

அவருக்கு இன்னொரு குரலும் உண்டு. அதை நாங்கள் ஒரே ஒருமுறைதான் கேட்டிருக்கிறோம்.

அப்பா ஒரு பெரிய ஹோட்டலில் வாசல் காப்பவராக இருந்தார். வெள்ளைக்காரர்கள் ஆண்ட காலத்தில் அவர்களுக்காகக் கட்டிய ஹோட்டல். அவர்கள் போய்விட்டார்கள். ஆனால் பார்க்க வருகிற வெளிநாட்டுக்காரர்களுக்கு அந்தக் காலம் அப்படியே இருக்க வேண்டும் என்பது நிர்வாகத்தின் கொள்கை. அதனால் அப்பாவுக்கு இறகு வைத்த தலைப்பாகை, இடுப்பில் பட்டுக் கச்சை, முறுக்கு மீசை. எங்கள் குடும்பத்தில் ஏழு தலைமுறையில் ஒருவரும் தலைப்பாகை கட்டியதில்லை. இதுவும் கட்டுவதல்ல, தொப்பி போலத் தைத்தே வரும், எடுத்து மாட்டிக்கொள்ள வேண்டியதுதான். மீசை மட்டும் சொந்தம். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற அன்று வீட்டுக்கு வந்து முதல் காரியமாக அதை மழித்துவிட்டார்.

கார் வந்து நின்றதும் கதவைத் திறந்து, நெஞ்சில் கை வைத்துக் குனிந்து, "வாருங்கள், தங்கள் வருகையால் இந்த வாசல் ஒளி பெற்றது" என்று சொல்ல வேண்டும். வருகிறவர் எந்த நாட்டுக்காரராக இருந்தாலும் நம் மொழியிலேயே சொல்ல வேண்டும். அவர்களுக்குப் புரிய வேண்டியதில்லையாம், கிழக்கு மாதிரிக் கேட்டால் போதுமாம். வார்த்தை புரியாது என்பதால் எல்லாவற்றையும் குரலே சொல்லியாக வேண்டும். குரலையும் அப்படியே குனிய வைத்தார்கள்.

நாங்கள் பள்ளியில் படித்த காலத்தில் ஒருநாள் அப்பா மறந்து வைத்துவிட்டுப் போன சாப்பாட்டுப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு அக்காவும் நானும் போனோம். பின்வாசலுக்குப் போயிருக்க வேண்டும். தெரியாமல் முன்வாசலுக்குப் போய் நின்றோம். மேனேஜர் அங்கேயே இருந்தார். அப்பா எங்களைப் பார்த்தார். மூக்கால் ஒரு சின்ன மூச்சை இழுத்து, குனிந்து, எங்களிடமும் அதே வரியைச் சொன்னார். குரல் தேனில் நனைந்து, கடைசி எழுத்தில் கொஞ்சம் மேலே எழுந்து, காலடியில் விழுந்தது. அப்பா விளையாடுகிறார் என்று நினைத்து அக்கா சிரித்தாள். வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் அதைச் சொல்லிச் சொல்லிக் காட்டினாள். வீட்டில் அம்மாவிடமும் சொல்லிக் காட்டினாள். அம்மா பாதியிலேயே எழுந்து உள்ளே போனதைப் பார்த்ததும்தான் அவளுக்கு ஏதோ புரிந்தது. அதற்குப் பிறகு அந்தக் குரலைப் பற்றி எங்கள் வீட்டில் யாரும் மூச்சு விட்டதில்லை.

இப்போது ஒரு நாவலுக்கு வருகிறேன். உலகச் செவ்வியல் என்று ஒரு வரிசையை நிறுவனம் தொடங்கியிருந்தது. முதல் புத்தகமாகக் கிழக்கைப் பற்றிய ஒரு பழைய வெள்ளைக்கார நாவலின் மொழிபெயர்ப்பு எங்களிடம் வந்தது. ஒரு மாவட்டத்தை ஆள வருகிறார் இளம் துரை. வெயில், வாடை, மர்மம், மறுபடியும் வெயில். கிழக்கு என்பது ஓர் இடமா, ஒரு காய்ச்சலா என்று தெரியாதபடி எழுதியிருந்தார் ஆசிரியர். ஊர் மக்கள் கூட்டமாகத்தான் வருவார்கள். தனியாக ஒருவர் வந்தால் ஒன்று பாம்பாட்டி, இல்லையென்றால் துரோகி. இவர்களுக்கு நடுவில் துரையின் வேலைக்காரர். வயது ஐம்பதுக்கு மேல். புத்தகம் முழுக்க அவரை எல்லோரும் கூப்பிடுவது "பையா" என்று.

துரை எதையாவது பேசினால் "என்று சொன்னார்", "என்று ஆணையிட்டார்" என்று வரும். பையன் பேசினால் "என்று குழைந்தான்", "என்று கெஞ்சினான்", "என்று இளித்தான்". ஒரு இடத்திலாவது அந்த மனிதர் சும்மா "சொன்னான்" என்று வருகிறதா என்று தேடிப் பார்த்தேன். கிடைக்கவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அக்காவுக்கு வரவில்லை. வாசிக்கிறவளுக்குக் கோபத்தைவிட மூச்சை எங்கே விடுவது என்பதுதான் பெரிய கவலை. ஒப்பந்தப்படி ஒரு எழுத்தைக்கூட மாற்றக் கூடாது. மாற்றாமல் வாசிக்கத் தொடங்கினாள்.

நிறுவனத்தின் சார்பில் எங்களைக் கவனித்துக்கொள்பவர் ஒரு இளைஞர். எந்நேரமும் கழுத்தில் ஹெட்போனோடுதான் இருப்பார் என்பதால் வீட்டில் அவருக்கு ஹெட்போன்காரர் என்று பெயர். நல்லவர், அதுதான் அவரிடம் உள்ள பிரச்சினை. கெட்டவராக இருந்தால் சண்டை போட்டிருக்கலாம். மாதிரிக்கு அனுப்பிய பகுதியைக் கேட்டுவிட்டு, எல்லாம் அருமை, பையனுக்கு மட்டும் இன்னும் கொஞ்சம் பணிவு வேண்டும், கேட்கிறவர்களுக்கு அவன் மேல் பாசம் வர வேண்டும் என்றார். அக்கா திரும்ப வாசித்தாள். இன்னும் கொஞ்சம் என்றார். மறுபடியும் வாசித்தாள். அந்த முறை எங்கிருந்தோ ஒரு குரல் தானாக வந்து உட்கார்ந்தது. ஹெட்போன்காரருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. இதைத்தான் கேட்டேன் என்று அந்தத் துண்டை முன்னோட்டத்துக்கு எடுத்துக்கொண்டார். எங்களுக்கும் வேலை ஓடினால் போதும் என்று இருந்தது. அதே குரலில் புத்தகம் முழுவதையும் வாசித்து முடித்தாள்.

அந்த முன்னோட்ட வரி, வெள்ளம் போகிற ஆற்றை இப்போதே கடப்பேன் என்று துரை அடம்பிடிக்கும் இடத்தில் வருவது. வேண்டாம் என்று சொல்லிப் பார்த்த பையன் கடைசியில், "தாங்கள் சொன்னால் ஆறுகூட வழி விடும், துரை" என்பான்.

வெட்டி ஒட்ட உட்கார்ந்தபோதுதான் நான் அதைச் சரியாகக் கேட்டேன். வழக்கம்போல வரிக்கு முந்தைய மூச்சை அழிப்பதற்காகப் பெரிதாக்கினேன். மூக்கால் இழுத்த ஒரு சின்ன மூச்சு. அழிக்கப் போன விரல் நின்றுவிட்டது. அந்த மூச்சு எனக்குத் தெரியும். கடைசி எழுத்து மேலே எழுவதும் தெரியும், அது எங்கே போய் விழும் என்பதும் தெரியும்.

அக்காவைக் கூப்பிட்டுப் போட்டுக் காட்டினேன். ஒருமுறை கேட்டாள். மெத்தைச் சுவரில் சாய்ந்தபடி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"நான் வேணும்னு எடுக்கலடா" என்றாள்.

"தெரியும்."

"அப்பா கேப்பாரே, இதுல நான் யாருன்னு."

அதுதான் விஷயம். இந்தப் புத்தகம் ஊரெல்லாம் போகும், யாரோ கேட்பார்கள், சிரிப்பார்கள், மறப்பார்கள். ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கும் ஒருவர் மட்டும் தன்னைத் தேடிக்கொண்டே கேட்பார். தேடினால் கிடைத்துவிடும். அவர் அந்தக் குரலைத் தலைப்பாகையோடு சேர்த்து ஹோட்டல் அலமாரியிலேயே பூட்டி வைத்துவிட்டு வந்தவர். ஒருநாளும் அதை வீட்டுப் படி ஏற விட்டதில்லை. பெற்ற மகள் அதை எடுத்து வந்து, வேலைக்காரன் என்றால் இப்படித்தான் என்று உலகத்துக்குக் காட்டியிருக்கிறாள்.

இந்தப் புத்தகத்தை மட்டும் அவருக்குப் போட வேண்டாம், ஏதாவது சாக்குச் சொல்லிவிடலாம் என்றேன். அக்கா ஒப்புக்கொள்ளவில்லை. எதை மறைத்தோம் என்பது என்றைக்காவது அவருக்குத் தெரிந்தால் அது இதைவிட மோசம் என்றாள். பையன் பேசும் இடங்களை மட்டும் திரும்ப வாசித்துவிடுவது என்று முடிவானது.

சொல்வது சுலபம். முதலில் வீட்டுக்காரரின் குரலைப் போட்டுப் பார்த்தாள். அவர் குனிந்தார். அத்தானின் குரலைப் போட்டாள். பாவம், அவரும் குனிந்தார். சித்தியின் கணவர், தையல்காரர், மருந்துக் கடைக்காரர் என்று தெரிந்த ஆண்களையெல்லாம் வரிசையாக அந்த ஆற்றங்கரைக்கு அழைத்துப் போனோம். ஒருவர் பாக்கியில்லாமல் கூழைக்கும்பிடு போட்டார்கள். எங்கள் காதே எங்களுக்குக் கூசியது. யாருடைய குரலைப் போட்டாலும் அவரைத்தானே குனிய வைக்கிறோம், அந்த வரிக்குள் போகிற யாரும் நிமிர்ந்து நிற்க முடியாது போலிருக்கிறது என்றாள் அக்கா.

பக்கத்து வீட்டு மோட்டார் ஓடத் தொடங்கியது. வேலையை நிறுத்தினோம். கதவைத் திறந்ததும் முன்னறையிலிருந்து அப்பாவின் குரல் வந்தது. நான் முகம் கழுவிவிட்டுக் குழாயைச் சரியாக மூடவில்லை.

"தண்ணி நல்லாப் போகுதா?"

நான் ஓடிப்போய் மூடிவிட்டுத் திரும்பினேன். அக்கா கதவருகிலேயே நின்றிருந்தாள். மோட்டார் ஓய்ந்ததும் மைக் முன்னால் போய் உட்கார்ந்தாள். மூச்சு இழுக்கவில்லை. "தாங்கள் சொன்னால் ஆறுகூட வழி விடும், துரை" என்றாள். குழாயை மூடச் சொன்ன அதே குரல். ஒரு எழுத்து மாறவில்லை. ஆனால் அந்த ஆற்றங்கரையில் இப்போது முட்டாளாக நின்றது துரை.

நான் சிரித்த சிரிப்பில் மூன்று முறை பதிவு கெட்டது. பிறகு புத்தகம் முழுக்க அப்படியே வாசித்தாள். "தங்கள் சித்தம் என் பாக்கியம்" என்றால், சரி அங்கே வை என்பது போல இருந்தது. "துரைக்குத் தெரியாததா?" என்றால், தெரியாது என்று கேட்டது. போகப் போக எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. வெயிலும் வாடையும் மர்மமுமாக இருந்த அந்தக் கதையில் முதல் தடவையாக ஒரு மனிதர் நடமாடிக்கொண்டிருந்தார்.

அப்பாவுக்குப் போடத் தயங்கி, இந்த முறை மட்டும் முதலில் நிறுவனத்துக்கு அனுப்பினோம். அனுப்பி வைத்ததும் ஹெட்போன்காரர் போன் செய்தார். "மேடம், குழைந்தான்னு போட்டிருக்கு. அவன் குழையவே இல்லையே" என்றார்.

"எழுத்துல ஒண்ணும் மாத்தலை, தம்பி. ஆசிரியர் காதுல அப்படி விழுந்திருக்கு, என் காதுல இப்படி விழுந்துச்சு" என்றாள் அக்கா.

அவர், மேலே இருப்பவர்கள் முழுதாகக் கேட்கப் போவதில்லை, யாராவது கேட்டால் பார்த்துக்கொள்கிறேன் என்றார். நல்லவர் என்று முன்பே சொன்னேன். முன்னோட்டத்தை மட்டும் இனிமேல் எடுக்க முடியாது, அது வெளியாகி ஒரு வாரம் ஆகிறது என்றார். அப்பாவிடம் இருப்பது பட்டன் வைத்த பழைய போன், அதில் முன்னோட்டமெல்லாம் வராது என்று நாங்கள் மனதைத் தேற்றிக்கொண்டோம்.

மழை தூறிக்கொண்டிருந்த ஒரு மத்தியானம் அப்பாவுக்குப் போட்டோம். அன்று அவர் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. அக்கா அதைக் கவனித்தாள், நானும் கவனித்தேன். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை. அவள் உலர்ந்த துணிகளை மடித்தாள். நான் மடித்ததையே திரும்ப மடித்தேன்.

ஆற்றங்கரை வந்தது. "தாங்கள் சொன்னால் ஆறுகூட வழி விடும், துரை" என்றது அப்பாவின் வீட்டுக் குரல். "என்று அவன் நன்றிப் பெருக்கில் குழைந்தான்" என்று அக்கா தன் சொந்தக் குரலில் தொடர்ந்தாள்.

நாற்காலியில் தட்டு விழவில்லை. அப்பா ஸ்பீக்கர் பக்கம் தலையைத் திருப்பினார். "எழுதினவருக்குக் காது மந்தமா?" என்றார்.

நான் சிரித்துவிட்டேன். அக்கா சிரிக்கவில்லை. நடு ஆற்றில் துரைக்குக் கால் வழுக்கி, பையன் அவரைத் தோளில் தூக்கிக் கரை சேர்க்கும் வரை அப்பா பொறுமையாகக் கேட்டார். பிறகு தடவிப் பார்த்து ஸ்பீக்கரை நிறுத்தினார்.

"போன வாரம் சித்தி போன்ல ஒண்ணு போட்டுக் காமிச்சா" என்றார். "இதே வரிதான். ஆனா அது வாசல்ல நின்னவன் சொன்னது."

அக்கா மடித்த துணியை அப்படியே மடியில் போட்டாள். "தெரியாம வந்துருச்சுப்பா. கேட்டதும் மாத்திட்டோம்."

"மாத்தினது தெரியுது. அதையும் தப்புன்னு சொல்ல மாட்டேன். அச்சு அசலா நான்தான் அது. மூச்சு உள்பட."

அவள் அழத் தொடங்கியிருந்தாள். சத்தம் வராமல் அழ அவளுக்குத் தெரியும், மைக் முன்னால் இருந்து பழக்கம். அப்பாவுக்கும் அது கேட்டிருக்கும்.

"ஆனா இந்தக் குரல்ல அங்க ஒருநாள்கூட நான் பேசினதில்லம்மா. மனசுக்குள்ள பேசியிருக்கேன், தினமும். அது உனக்கு எப்படிக் கேட்டுச்சு?"

இத்தனை வருஷம் இரண்டு குரல் என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தது எவ்வளவு தப்பு என்று எனக்குத் தோன்றியது. வாசலில் நின்றபோதும் வீட்டு அப்பா உள்ளேதான் இருந்திருக்கிறார், யாரும் கூப்பிடவில்லை.

அப்போது பார்த்து வாசல் கதவு திறந்தது. வேலையிலிருந்து அத்தான். நனைந்த குடையும் கையுமாக, அக்காவின் முகத்தைப் பார்த்து அங்கேயே தயங்கி நின்றார். அப்பா கதவுச் சத்தம் வந்த பக்கம் திரும்பினார். முதுகை நிமிர்த்தினார். கை மெல்ல எழுந்து நெஞ்சுக்குப் போனது.

"வாருங்கள்" என்றார் அப்பா. "தங்கள் வருகையால் இந்த வாசல் ஒளி பெற்றது."

மூச்சு இழுக்கவில்லை. கடைசி எழுத்து மேலே எழவில்லை. குழாயை மூடச் சொல்லும் குரல்.

"குடையை வெளியவே வெச்சிட்டு வாங்க மாப்பிள்ளை, தரையெல்லாம் ஈரமாகுது."

அத்தான் எங்கள் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தார். ஒன்றும் பிடிபடாமல் குடையைக் கொண்டுபோய் வெளியே வைத்தார். அக்கா அழுதுகொண்டே சிரித்தாள், சிரித்துக்கொண்டே அழுதாள், எது எது என்று அவளுக்கே தெரிந்திருக்காது. அப்பா நாற்காலியின் கையை ஒரு தட்டுத் தட்டினார். பிறகு ஸ்பீக்கரை என் பக்கம் நகர்த்தினார்.

"மிச்சத்தையும் போடு" என்றார். "அவன் இன்னும் என்னென்ன சொல்றான்னு கேப்போம்."